கோட்டுப் பொத்தானில் ஒரு விளக்கு

இடது கை பிரேக் கட்டையின் முதுகைப் பற்றியிருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் கட்டைக்கு அடியில் போய், தேய்ந்தது போக மிச்சம் எவ்வளவு கனம் என்று பார்த்தன. கையுறையின் விரல் நுனிகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. இரும்பைத் துணி வழியாகத் தொட்டால் ஒன்றும் தெரியாது. விரல்கள் வெளியே வந்து சக்கரத்தின் விளிம்பைத் தடவின. பிறகு இடுப்பு வாரிலிருந்து சுத்தியலை உருவி ஒரு தட்டு. சக்கரம் சுத்தமாக ஒலித்தது. பல்லில் கடித்திருந்த சாக்பீஸுக்கு வேலை வரவில்லை. அடுத்த சக்கரம்.

வெளிச்சம் நெற்றியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கறுப்பு எலாஸ்டிக் பட்டையில் மாட்டிய புது விளக்கு, ஸ்டோரில் கொடுத்தது. தலை திரும்புகிற பக்கமெல்லாம் வெளிச்சமும் கூடவே திரும்பியது. நவம்பர் கடைசி, காலை ஏழு மணியாகப் போகிறது, இன்னும் விடியவில்லை.

"அக்கா!" தண்டவாளங்களுக்கு நடுவிலிருந்து அசேன் கூப்பிட்டான். வேகன்களைக் கோப்பதும் கழற்றுவதும் அவன் வேலை. "கடை திறந்துட்டான். பனிட்சா வாங்கப் போறேன். உங்களுக்கும் வாங்கவா?"

பனிட்சா என்பது மெல்லிய மாவு அடுக்குகளில் சுட்ட காலைப் பலகாரம். வாயில் சாக்பீஸ். இரண்டு கையிலும் வேலை. அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்து, வாங்கு என்று தலையை ஆட்டினார்.

"சீஸ் வச்சதா?"

மறுபடியும் ஆட்டினார்.

"சூடா இருந்தா ரெண்டு?"

இன்னும் பலமாக ஆட்டினார்.

எங்கள் நாட்டில் சரி என்பதற்குத் தலை இடமும் வலமும் ஆடும்; வேண்டாம் என்றால் முகவாய் வெடுக்கென்று மேலே போகும். பல்கேரியாவுக்கு வெளியே பல இடங்களில் இது நேர்மாறு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இருட்டில் ஒரு விளக்கு இடமும் வலமும் வேகமாக ஆடினால் ரயில் ஓட்டுகிறவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிறுத்து.

அசேன் நின்ற திசையில், அவன் முதுகுக்குப் பின்னால், பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டி வந்தவன் நான்.

நான் முழு பிரேக்கையும் போட்டேன். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. கை தானாகப் போகும். வண்டி கத்திக்கொண்டே நின்றது. என் சகலை கிராமத்திலிருந்து கொடுத்தனுப்பிய ஒரு பெட்டி லூத்தெனிட்ஸா, குளிர்காலத்துக்கென்று சுட்ட குடைமிளகாயும் தக்காளியும் சேர்த்துக் கிண்டிய தொக்கு, இன்ஜின் அறையின் மூலையில் இருந்தது. அது மூலையில் நிற்கவில்லை. முன் சுவரில் மோதியது. பாட்டில்கள் எல்லாம் உடைந்து என் கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது.

அசேன்தான் முதலில் ஓடிவந்து கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ ராஷோ அண்ணே, ரத்தம்!"

"ரத்தமில்லடா, தொக்கு. நக்கிப் பாரு. யாரு ஆட்டினது விளக்கை? யாராவது சக்கரத்துல மாட்டிக்கிட்டாங்களா?"

பின்னாலேயே அவரும் வந்து சேர்ந்தார். நெற்றி விளக்கு என் கண்ணைக் குத்தியது. "என்ன அண்ணே, எதுக்கு நிறுத்தினீங்க?"

"நீ நிறுத்தச் சொன்னே, நிறுத்தினேன்."

"நானா? நான் பனிட்சா வேணும்னுதானே சொன்னேன்?"

 முதலில் சிரித்தது அசேன். அதன்பின் அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் சகலைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயர் தோன்கா. கமென் ப்ரோத் சந்திப்பில் வேகன் பார்க்கிற வேலை. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிற சரக்கு வண்டிகள் எங்கள் நிலையத்தில் இன்ஜின் மாறும். மாறுகிற நேரத்துக்குள் ஒருவர் வண்டியின் ஒரு பக்கமாகக் கடைசிவரை நடந்து, மறுபக்கமாகத் திரும்பி வரவேண்டும். சக்கரம், ஸ்பிரிங், பிரேக் கட்டை, கொக்கி, காற்றுக்குழாய் எல்லாம் பார்க்க வேண்டும். பிறகு பிரேக் சோதனை. டிரைவர் பிரேக்கைப் பிடிப்பார், விடுவார். வேகன் பார்க்கிறவர் கடைசி வேகனிலிருந்து விளக்கால் பதில் சொல்வார். எல்லாம் சரி என்ற சைகை வந்த பிறகுதான் வண்டி டிரைவரின் பொறுப்புக்கு வரும். அதுவரை அது வேகன் பார்க்கிறவருடைய வண்டி. வாக்கிடாக்கி இருக்கிறது, குளிரில் அதன் பேட்டரி இறங்கிவிடும், மலைப்பக்கம் போனால் இரைச்சல்தான் கேட்கும். அதனால் எங்கள் நிலையத்தில் இன்னும் விளக்குச் சைகைதான் செல்லும்.

தோன்கா இருபத்திரண்டு வயதில் இந்த வேலைக்கு வந்தார். அவருடைய கணவர் அப்போது டிப்போவில் வெல்டர். இப்போது மகளுக்குத் துணையாக ஸ்பெயினில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் பேசிக்கொள்வார்கள். "நீ எப்ப வரே?" என்று அவர் கேட்பார். "ஓய்வு வரட்டும்" என்று தோன்கா சொல்வார். வீட்டில் உட்கார்ந்தால் தோன்காவுக்கு முழங்கால் வலிக்கும். வண்டியோரமாக நடந்தால் வலிக்காது. டாக்டர் இதை நம்பவில்லை. நான் நம்புகிறேன். அவர் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனை வருடமும் அவரிடம் இருந்தது ஒரே விளக்கு. உள்ளங்கை அளவு தகரப் பெட்டி, பச்சை பெயின்ட். முன்னால் அகலமான கண்ணாடி. பக்கத்தில் இரண்டு சின்ன நெம்புகோல்கள். ஒன்றைத் தள்ளினால் சிவப்புக் கண்ணாடி இறங்கும், மற்றதைத் தள்ளினால் பச்சை. முதுகில் ஒரு தோல் பட்டை, அதில் ஒரு துளை. கோட்டின் இரண்டாவது பொத்தானை அந்தத் துளையில் மாட்டினால் விளக்கு நெஞ்சில் தொங்கும். இரண்டு கையும் சும்மா கிடைக்கும். உள்ளே தட்டையான பேட்டரி, இரண்டு பித்தளை நாக்குகளோடு. ஒரு காலத்தில் எங்கள் ஊரில் எல்லாப் பெட்டிக்கடையிலும் அந்த பேட்டரி கிடைத்தது. இப்போது கிடைப்பதில்லை. தோன்கா மாநகரத்துக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார்.

அந்த விளக்கு போன விதம் சொல்ல அசிங்கமாக இருக்கிறது, அவ்வளவு சாதாரணம். காற்றுக்குழாயைத் திருகும்போது பொத்தான் அறுந்துவிட்டது. விளக்கைத் தூக்கி வேகனின் முட்டுத்தட்டின் மேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து மறுமுனையில் இன்ஜின் வந்து சேர்ந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, கொஞ்சம் நகர்ந்தது. விளக்கு தண்டவாளத்தில் விழுந்து, சக்கரம் மேலே ஏறி இறங்கியது.

"அது ஏற்கெனவே தட்டைதானே அக்கா" என்றான் அசேன்.

தோன்கா குனிந்து பார்த்தார். தோல் பட்டை மட்டும் அறுபடாமல் கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டோரில் போய்க் கேட்டபோது கொடுத்ததுதான் அந்த நெற்றி விளக்கு.

நான் வண்டி நிறுத்தியதை மறைக்க முடியாது. இன்ஜினில் வேகம் பதிவாகும். நிலையத்தின் தலைமைப் பொறியாளர் வெலிச்கோவ் எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கத்துகிற ஆள் இல்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"தப்பு ராஷோ மேல இல்ல. விளக்கு ஆடினா நிறுத்தணும். தப்பு தோன்கா மேலயும் பெருசா இல்ல. ஸ்டோர் கொடுத்த விளக்கு. ஆனா இனிமே வண்டியோரமா நெத்தி விளக்கு கூடாது. யாருமே போடக்கூடாது."

"அப்ப எதைப் போடறது சார்?" என்றார் தோன்கா.

"கை விளக்குக்கு எழுதிப் போட்டிருக்கேன். வசந்தத்துக்கு முன்னாடி வராது. அதுவரைக்கும் நீங்க ஸ்டோர்ல இருங்க. உள்ளே ஹீட்டர் இருக்கு. எண்ணெய், துணி, பிரேக் கட்டை எடுத்துக் கொடுத்தா போதும். இங்க வேற நிலையத்து ஆளை வரவழைக்கிறேன்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எங்கள் நிலையத்தில் ஸ்டோருக்குப் போனவர்கள் யாரும் தண்டவாளத்துக்குத் திரும்பி வந்ததில்லை. வசந்தம் வரும், இன்னொரு காரணம் வரும். ஓய்வு வரைக்கும் அந்தக் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தோன்காவுக்கு அது தெரியும். வெலிச்கோவுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

"நானே ஒரு விளக்கு வாங்கிட்டு வந்தா?" என்றார் தோன்கா.

வெலிச்கோவ் யோசித்தார். "சட்டத்துல தடையில்ல. வெள்ளை வெளிச்சம், ஆடாம எரியணும். சிவப்பு வேணும். கடைசி வேகன்லேருந்து நீங்க காட்டற சைகை இன்ஜின்ல இருக்கறவனுக்கு சந்தேகமில்லாம தெரியணும். திங்கட்கிழமை காலை வண்டிக்கு நானே ராஷோகூட இன்ஜின்ல நின்னு பார்க்கறேன். தெரிஞ்சா நீங்க உங்க வேலையப் பாருங்க. தெரியலன்னா ஸ்டோர்."

"தெரியலன்னா ஸ்டோர்" என்று தோன்கா திருப்பிச் சொன்னார். தலையையும் ஆட்டினார். வெலிச்கோவ் சட்டென்று மேலே பார்த்தார். நெற்றியில் விளக்கு இல்லை.

சனிக்கிழமை என் காரில் ஊருக்குள் போனோம். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்கிற லம்போவின் கடை மட்டும்தான் எங்கள் ஊரில் விளக்கு என்று சொல்லக்கூடியதை விற்கிறது. தோன்கா ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய கனமான எதையோ கொண்டுவந்தார். கடைக்குள் நுழைந்து அதை மேசைமேல் 'தொம்' என்று வைத்தார்.

"என்ன தங்கச்சி, குண்டா?" என்றார் லம்போ.

"பிரேக் கட்டை. கழிச்சுக் கட்டினது. இதுல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருக்கு. எந்த விளக்குல அது தெரியுதோ அதைக் கொடுங்க."

லம்போ முதலில் கீழே வைத்ததே கடையின் பெருமையான விளக்கு. கைமுட்டி கனம். "அரை கிலோமீட்டர் அடிக்கும். காட்டுப்பன்னி கண்ணு கூசி அப்படியே நின்னுடும்."

"என் பன்னி மூக்குக்கு முன்னாடி ஒரு சாண்லதான் அண்ணே நிக்குது."

கடை விளக்கை அணைக்கச் சொன்னார். அந்தப் பெரிய விளக்கைப் பிரேக் கட்டையின்மேல் அடித்ததும் இரும்பு முழுவதும் வெள்ளையாகப் பளீரென்று ஆகிவிட்டது. விரிசல் இருக்கிற இடம் எனக்குத் தெரியும், அப்படியும் என் கண்ணுக்கு அது தென்படவில்லை. தோன்கா விளக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது விரல் நீளம், அலுமினியம். நல்ல வெளிச்சம், விரிசலும் தெரிந்தது. "இது அஞ்சு விதமா எரியும்" என்றார் லம்போ. "ஜாஸ்தி, நடுத்தரம், கம்மி, மினுக்மினுக், கடைசியில சிவப்பு. உங்களுக்குச் சிவப்பு வேணும்னீங்களே?"

தோன்கா பொத்தானை அமுக்கினார். ஜாஸ்தி. மறுபடி அமுக்கினார். நடுத்தரம். "எனக்குக் கம்மி வெளிச்சம்தான் வேணும். அதுக்கு அப்புறம் மறுபடியும் ஜாஸ்தி வேணும்னா?"

"சுத்தி வரணும்."

"மினுக்மினுக் வழியா, சிவப்பு வழியா?"

"ஆமா."

"ராஷோ அண்ணே" என்று என் பக்கம் திரும்பினார், "சகலை வீட்டுல இன்னொரு பெட்டி இருக்கா?"

 லம்போவுக்குக் கதை தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்து முடிக்கும்வரை தோன்கா விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று உருண்டையாக இருந்தது. மேசைமேல் வைத்ததும் உருண்டு ஓடியது. அதை அவர் மேற்கொண்டு பார்க்கவே இல்லை. ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்தார். "ஜனவரியில இந்தத் தகரம் உதட்டுல ஒட்டிக்கிட்டா தோலோட வரும்." ஒன்று எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது. எனக்கே பிடித்துவிட்டது. தோன்கா தன் சுத்தியலை எடுத்து, தேய்ந்து பளபளக்கும் அதன் முகத்தை அந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீலமா இருக்கு."

"வெள்ளை தங்கச்சி, சுத்தமான வெள்ளை" என்றார் லம்போ.

"பிரேக் விடாம இழுத்துக்கிட்டு வந்த சக்கரம் சூடேறி நீலம் பாயும் அண்ணே. அதைக் கழட்டி விடணும். இந்த வெளிச்சத்துல எல்லாச் சக்கரமும் நீலம் பாஞ்சதாத்தான் தெரியும். நான் எல்லாத்தையும் கழட்டி விட்டா ராஷோ அண்ணே வெறும் இன்ஜினை ஓட்டிக்கிட்டுப் போகணும்."

"அவருக்கு அதுதான் சௌகரியம்" என்றார் லம்போ.

மேசை நிறைந்துவிட்டது. லம்போவின் பொறுமையும் முடியப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அப்போது தோன்கா கீழ்த்தட்டில் தூசிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். பாசிநிற பிளாஸ்டிக். கழுத்து வளைந்தது, உடம்பு செங்குத்தாக நிற்க, வெளிச்சம் நேராக முன்னால் போகும். முதுகில் அகலமான கம்பிக் கொக்கி.

"அதுவா? பனியில துளை போட்டு மீன் பிடிக்கிறவங்களுக்குன்னு வாங்கிப் போட்டேன். கோழிக்கழுத்துன்னு பேரு வச்சிருக்கேன். ஒருத்தனும் வாங்கல. வெளிச்சம் மஞ்சளா, கிழவி வீட்டு பல்பு மாதிரி இருக்காம்."

பின்பக்கம் ஒரு வளையம். திருகினால் வெளிச்சம் சன்னமாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எதிர்ப்பக்கம் திருகினால் அதே வழியில் இறங்கியது. மினுக்கம் கிடையாது. அடியில் திருகு மூடிக்குள் மூன்று பிளாஸ்டிக் வில்லைகள்: சிவப்பு, பச்சை, நிறமில்லாதது. வேண்டுமென்றால் எடுத்து முன்னால் மாட்டிக்கொள்ளலாம். கை தெரியாமல் பட்டு வந்துவிடாது. பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண பென்சில் பேட்டரி.

தோன்கா விளக்கைக் கட்டைக்குப் பக்கவாட்டில், இரும்பை ஒட்டித் தாழ்த்திப் பிடித்து, வளையத்தைப் பாதி திருகினார். விரிசல் கறுப்பு நூலாகக் கட்டையின் குறுக்கே ஓடியது. லம்போகூடக் குனிந்து பார்த்தார்.

"இது எப்பவும் இங்கதான் இருந்ததா?"

"விரிசலா, விளக்கா?" என்றார் தோன்கா.

"ரெண்டும்தான்."

தோன்கா பையிலிருந்து பழைய தோல் பட்டையை எடுத்தார். கம்பிக் கொக்கியில் செருகினார். அளவு சரியாக இருந்தது. பொத்தானில் மாட்டி, இரண்டு கையையும் விரித்து, கடைக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிரேக் கட்டையை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஞாயிறு மாலை, இருட்டத் தொடங்கியதும், காலியாக நின்ற ஒரு வண்டியில் சோதித்துப் பார்த்தோம். நான் இன்ஜினில் ஏறிச் சன்னலைத் திறந்து பின்னால் பார்த்தேன். அவர் கடைசி வேகனுக்குப் போய் விளக்கை ஆட்டினார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போதாவது ஒரு கணம் ஒரு பொறி கண்ணில் அடித்தது. பிறகு இருட்டு. பிறகு ஒரு பொறி. அது இடம் வலமா, மேல் கீழா, வட்டமா, எதையும் சொல்ல முடியவில்லை.

அவர் திரும்பி வந்தார். "எப்படி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நாளை வெலிச்கோவ் என் தோளுக்குப் பக்கத்தில் நிற்பார். அதைவிட, அந்தச் சைகையை நம்பி வண்டியை எடுக்கப்போவதும் நான்தான். "தெரியல தோன்கா. மின்மினி மாதிரி இருக்கு."

காரணம் அவருக்கும் புரிந்தது. பழைய விளக்கின் கண்ணாடி உள்ளங்கை அகலம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் முகம் முழுக்க வெளிச்சமாகத் தெரியும். இதன் வாய் சின்னது. வெளிச்சம் கோலாக நேரே போகிறது. அந்தக் கோல் என் கண்ணில் பட்டால்தான் எனக்குத் தெரியும்.

"மத்த எல்லாத்துலயும் சரியா இருக்கே" என்றார். விளக்கிடம் சொன்னாரா என்னிடமா, தெரியவில்லை.

ஓய்வறையில் உட்கார்ந்தோம். அசேன் ஷிப்டு முடிந்து அங்கே ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மேசையில் தயிர் டப்பா ஒன்று, வழித்துக் காலியாகிவிட்டது. தோன்கா விளக்கை எரியவிட்டபடியே மேசையில் வைக்கப் பார்த்தார். வளைந்த கழுத்தால் அது சாய்ந்து நின்றது. சாயாமல் இருக்கட்டும் என்று அதைத் தலைகீழாகத் தயிர் டப்பாவுக்குள் சொருகினார்.

டப்பா முழுவதும் வெள்ளையாக ஒளிர்ந்தது.

"அக்கா, சாமி படத்துக்கு முன்னாடி வச்சிடலாம் போல இருக்கே" என்றான் அசேன்.

தோன்கா எழுந்து நின்றார். "கத்தரி எங்க?"

"எதுக்கு?"

"எங்கடா கத்தரி!"

டப்பாவின் அடிப்பாகத்தை வெட்டினார். நிறமில்லாத வில்லையை அதன்மேல் வைத்து, ஆணியால் சுற்றி வரைந்து, இன்னொரு முறை வெட்டினார். முதல் வட்டம் பெரிதாகி மாட்டவில்லை. இரண்டாவது சின்னதாகி விழுந்துவிட்டது. அசேனை அனுப்பி இன்னொரு தயிர் வாங்கிவரச் செய்தார். "தின்னுட்டுத்தான் தருவேன்" என்றான் அவன். தின்னும்வரை காத்திருந்தார். மூன்றாவது வட்டம் வில்லைக்குப் பின்னால் சரியாகப் பொருந்தியது. ஆனால் அந்தச் சின்ன வில்லை போதாது என்று பட்டது அவருக்கு. வெளிச்சம் அகலமாக வேண்டும். டப்பாவின் சுவரில் ஒரு விரல் உயரத்துக்கு வளையமாக விட்டு, கிண்ணி மாதிரி ஒன்று செய்து, அதையே வில்லையில் ஒட்டினார். மாட்டினால் விளக்கின் வாய் உள்ளங்கை அகலம் ஆனது. கழற்றினால் பழைய கோழிக்கழுத்து. ஒட்டியது காய்வதற்காக ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று மறுபடி சோதிக்க நேரமில்லை. காலியாக நின்ற வண்டியையும் கொண்டுபோய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பனி இறங்கியிருந்தது. சிக்னல் விளக்குகளே பஞ்சுக்குள் வைத்த மாதிரி தெரிந்தன. நான் இன்ஜினைக் கோத்து முடித்தபோது வெலிச்கோவ் வந்துவிட்டார். தோன்கா கீழே நின்றிருந்தார். விளக்கு பொத்தானில் தொங்கியது. தயிர்க் கிண்ணி கோட்டுப் பையில்.

"அது என்ன மூடி?" என்றார் வெலிச்கோவ்.

"தயிர் டப்பா சார்."

வெலிச்கோவ் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கொழுப்பு எத்தனை சதவீதம்?"

"ரெண்டு, சார். கொழுப்பு ஜாஸ்தியானா வெளிச்சம் மங்கும்."

அவர் சிரிக்கவில்லை என்று காட்டிக்கொண்டு கிண்ணியைத் திருப்பிக் கொடுத்தார். "நடங்க, பார்க்கலாம்."

அந்த நேரத்தில்தான் அசேன் வேகன்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினான். வேண்டுமென்றே செய்தானோ என்னவோ. "அக்கா! பனிட்சா வாங்கவா?"

தோன்காவின் பல்லில் சாக்பீஸ் இருந்தது. அவர் அவன் பக்கம் திரும்பி, வாங்கு என்று இடமும் வலமும் நன்றாகத் தலையை ஆட்டினார். விளக்கு நெஞ்சில் அசையாமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெலிச்கோவ் இன்ஜினில் ஏறினார்.

சன்னல் வழியாக நாங்கள் பார்த்தோம். மஞ்சள் வெளிச்சம் வேகனோரமாகக் குனிந்தது, நிமிர்ந்தது, நகர்ந்தது. சுத்தியல் சத்தம் பனிக்குள் தூரமாகிக்கொண்டே போனது. நடுவில் ஓரிடத்தில் வெளிச்சம் நின்றுவிட்டது. ரொம்பத் தாழ்ந்து, கிட்டத்தட்ட கற்களில் படுத்தது. பிறகு அசேனின் குரல். பிறகு இரும்பை அடிக்கும் சத்தம். வெலிச்கோவ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன செய்யறாங்க?"

"கட்டை மாத்தறாங்க சார். விரிசல் பார்த்திருப்பா."

அவர் கடிகாரத்தை மறுபடி சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

வெளிச்சம் திரும்பவும் நகர்ந்தது. கடைசி வேகனைச் சுற்றி மறுபக்கம் மறைந்தது. அந்தப் பக்கமாக எங்கள் அருகில் வரை வந்து, மீண்டும் கடைசி வேகனுக்குப் போனது. பிறகு அணைந்தது. கிண்ணியை மாட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். வெலிச்கோவுக்குத் தெரியாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நானும் அப்படித்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை பார்த்த அந்தப் பொறி என் கண்ணிலேயே இருந்தது.

பனிக்குள் ஒரு வெள்ளை வட்டம் எழுந்தது. விளிம்பில்லாத, மெத்தென்ற வெளிச்சம், நடுவில் கூசவில்லை. அது மேலிருந்து கீழே இறங்கியது: பிரேக்கைப் பிடி. பிடித்தேன். காற்று சீறி அடங்கியது. தோன்கா ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டு பாதி வழி வந்து திரும்பினார். மறுபடி வட்டம் எழுந்து, வட்டமாகவே சுழன்றது: விடு. விட்டேன்.

"தெரியுதா?" என்றார் வெலிச்கோவ்.

"உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியணும். ஓட்டப்போறது நீங்க."

"தெரியுது சார்."

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். நிலையத்தை நோக்கி நடந்தார். ஸ்டோர் பக்கம் திரும்பவில்லை.

நான் சன்னலிலேயே நின்றேன். கடைசி வேகனுக்குப் பக்கத்தில் அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. கடைசிச் சக்கரத்தை அவர் இன்னொரு முறை தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அது தலைக்கு மேல் உயர்ந்து, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு, அவசரமில்லாமல், அரைவட்டமாகப் போய்வந்தது. பிரேக் சரி. வண்டி உன்னுடையது.

ஹாரனை ஒரு முறை சின்னதாக அழுத்தி, வாங்கிக்கொண்டேன்.